மிஸ்ர சாப்பு டிராக்கில் இறங்குவதற்குள்

ஒருவழியாக மிருதங்கம் டிராக்கில் உட்கார்ந்துவிட்டது. பாட்டு மிஸ்ர சாப்பு. தகிட தகதிமி என்று மூன்றும் நான்குமாக ஏழு அட்சரம். இதற்காகவே ஒரு மெய்நிகர் மிருதங்கத்தை, அதாவது கம்ப்யூட்டரில் மிருதங்கம் வாசிக்கும் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கினேன். தாளவாரியாகப் பேட்டர்ன்கள் அடுக்கியிருக்கிறார்கள், நாதமும் அருமை. அந்தப் பேட்டர்னின் ஒவ்வொரு சொல்லும், அதாவது ஒவ்வொரு அடியும், தனித்தனி மிடி நோட்டாக என் ரீப்பர் ப்ரொஜெக்டுக்குள் வர வேண்டும். ரீப்பர் நான் பாட்டைப் பதியும் மென்பொருள்; மிடி என்பது ஒலி அல்ல, எந்த அடி எப்போது எவ்வளவு அழுத்தமாக விழ வேண்டும் என்ற குறிப்பு. வந்தால் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம், சரணத்துக்கு முன்னால் முத்தாய்ப்பாக ஒரு தீர்மானம் சேர்க்கலாம். கேட்டது இவ்வளவுதான். அதற்குப் போன நேரத்தை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

நிறுவுவது, லைசென்ஸ் போடுவது, டிராக்கில் ஏற்றுவது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. ரெக்கார்ட் போட்டதும்தான் ஆரம்பித்தது. இசைக் கீபோர்டின் இடது கோடியில் ஒரு கீயை அழுத்தினால் முழு ஆவர்த்தனமும், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றும், ஓடுகிறது. பதிந்ததைத் திறந்து பார்த்தால் நீளமாக ஒரே ஒரு நோட். அந்த நோட் வெறும் உத்தரவு. அடி விழுவதெல்லாம் ரீப்பருக்குள் ஏற்றிய அந்த மிருதங்க மென்பொருளுக்குள்ளேயே (பிளக்இன் என்பார்கள்) நடந்து முடிகிறது. ஒரு கீயில் பேட்டர்னை ஓட்டும் கருவிகள் எல்லாமே இப்படித்தான். ஆகவே பதிந்த துண்டில் சொற்களைத் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். எக்ஸ்போர்ட் எங்கே இருக்கிறது, மிடி வெளியே வருமா என்பதை முதலில் பாருங்கள். முடிந்தால் வாங்கும் முன்பே.

என்னுடைய பிளக்இன்னில் எக்ஸ்போர்ட் இருந்தது, ஆனால் தனியாக ஓடும் பதிப்பில் மட்டும். அதைத் திறந்து, பேட்டர்னை மவுஸால் இழுத்து ரீப்பர் மேல் கொண்டுபோனால் தடை வட்டம் வருகிறது. விட்டால் எதுவும் விழவில்லை. கம்பெனிக்கு எழுதினேன். மறுபடி நிறுவுங்கள் என்றார்கள், நிறுவினேன். ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள் என்றார்கள், அனுப்பினேன். அதற்கப்புறம் பதிலே இல்லாமல் புகாரை மூடிவிட்டதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. காசு வாங்கும்போது இருந்த வேகம் இதில் இல்லை.

காரணம் வேறெங்கோ இருந்தது. கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தவர் ரீப்பரை எப்போதும் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடும்படி வைத்திருக்கிறார். சாதாரண உரிமையில் ஓடும் நிரலிலிருந்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடும் நிரலுக்குள் எதையும் இழுத்துப் போட விண்டோஸ் விடாது. பாதுகாப்புக்காக வைத்த தடை அது. ஷார்ட்கட்டின் ப்ராப்பர்டீஸில் கம்பேட்டிபிலிட்டி பக்கம் போய் அந்த டிக்கை எடுத்தேன். பேட்டர்ன் அழகாக வந்து விழுந்தது. உதவிப் பிரிவில் இருப்பவருக்கு இது முதல் கேள்வியாகத் தோன்றியிருக்க வேண்டாமா?

விழுந்ததே தவிர, கேட்க மிஸ்ர சாப்பாக இல்லை. எங்கோ இடறுகிறது. எங்கள் தெருவில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் சாரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். கையில் தாளம் போட்டபடியே கேட்டார். "தம்பி, ஏழு முடிஞ்சதும் ஒரு அட்சரம் சும்மா நிக்குது பாரு. நீ எட்டுல வாசிக்க வச்சிருக்கே" என்றார். அளந்து பார்த்தால் அதேதான். கருவி ஒரு அட்சரத்தை எட்டில் ஒரு பங்கு நோட்டாக, அதாவது அரை பீட்டாக எழுதுகிறது. ஏழு அட்சரம் என்றால் மூன்றரை பீட். எக்ஸ்போர்ட் செய்யும்போது அதை நாலு பீட் கொண்ட ஒரு பாராக (ப்ரொஜெக்டில் தாளத்தின் ஒரு கட்டம்) நிரப்பிவிடுகிறது. அந்த மிச்ச அரை பீட்தான் சும்மா நின்ற எட்டாவது அட்சரம். ப்ரொஜெக்டை 7/8 ஆக மாற்றி, துண்டின் வாலை மூன்றரை பீட்டில் வெட்டி, அதற்கப்புறம் லூப் செய்தேன். கண்ட சாப்புக்கும் இதே கணக்குதான், அங்கே இரண்டரை பீட். டெம்போவையும் ஒருமுறை சரிபாருங்கள்: 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 பீட்) என்று வைத்தால் இந்தக் கணக்கில் நிமிடத்துக்கு 180 அட்சரம் ஓடும்.

அடுத்து கும்கி. இழுத்துப் போட்ட ஃபைலில் நோட்டுகள் மட்டுமே வந்தன. மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் கையை அழுத்தித் தேய்க்கும்போது நாதம் வளையுமே, அந்தக் கும்கி வரவில்லை. கும்கி இல்லாத தொப்பியை மிருதங்கம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. மெனுக்களைத் துழாவியதில், செட்டிங்ஸின் கடைசிப் பக்கத்தில் மிடியை வெளியே அனுப்பும் ஒரு பட்டன் அணைந்து கிடந்தது. கம்பெனி இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைப் போட்டுவிட்டு, ரீப்பரில் ரெக்கார்ட் பட்டன்மேல் வலது க்ளிக் செய்து, டிராக்கின் வெளியீட்டை மிடியாகப் பதியும்படி மாற்றி, பேட்டர்னை ஓடவிட்டேன். எல்லாச் சொற்களும் வந்தன. சுருதி வளைவைக் காட்டும் பிட்ச் பெண்ட் வரிசையைத் திறந்தால் ஒவ்வொரு கும்கியும் கோடாக வளைந்து நிற்கிறது! அன்றைக்கு வந்த சந்தோஷம் தனி. ஒரு எச்சரிக்கை: உத்தரவு நோட்டும் கூடவே பதிவாகியிருந்தால் அதை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் திரும்ப ஓட்டும்போது பேட்டர்னும் ஓடி, ஒவ்வொரு அடியும் இரட்டையாக விழும்.

இந்த மிடியை வேறு மிருதங்கத்துக்கோ தபலாவுக்கோ கொடுத்தால் குழம்பும். ட்ரம்ஸுக்கு எந்த எண்ணில் எந்த அடி என்று ஜெனரல் மிடி என்ற பொது வரிசை இருக்கிறது: 36 கிக், 38 ஸ்னேர், 42 மூடிய ஹைஹேட். நம் வாத்தியங்களுக்கு அப்படிப் பொது வரிசை இல்லை, அவரவர் வைத்ததுதான். நோட் பெயரையும் நம்பாதீர்கள். 60ஆம் எண்ணை யமஹா சி3 என்கிறது, ரோலண்ட் சி4 என்கிறது. எண்ணை வைத்தே மாற்றுங்கள்.

சில தபலாக் கருவிகள் பதிந்த ஆடியோ லூப்பைத்தான் ஓட்டுகின்றன. அவற்றில் மிடி தேடிப் பயனில்லை, டிராக்கை ரெண்டர் செய்து ஆடியோவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பிள் ரேட்டில், அதாவது நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற கணக்கில், மட்டும் கவனம் வேண்டும். 44,100இல் உள்ள லூப் மாற்றப்படாமல் 48,000இல் ஓடினால் வேகம் கூடும், ஒரு கட்டைச் சுருதி ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் போய் நிற்கும். எந்தப் பாடகராலும் அதோடு சேர முடியாது.

அடிகளைக் கணக்குப்படி நேராக்கும் குவாண்டைஸை நான் தொடவில்லை. சார் இரண்டாம் முறை வந்தபோது தகதிமியின் முதல் அடியை மட்டும் கொஞ்சம் அழுத்தச் சொன்னார். அந்த நோட்டின் வெலாசிட்டியை (அழுத்த அளவை) ஏற்றினேன், போதும் என்றார். மிடி ஃபைலை ப்ரொஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே சேமித்திருக்கிறேன், தாளத்தின் பெயரும் அட்சரக் கணக்கும் சேர்த்து. இந்த வாரம் குரல் பதிவு.