தாத்தா பார்த்த இரண்டு நிலா

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

அறிவியல் டீச்சர் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். இந்த அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை தினமும் நிலாவைப் பார்த்து வரைய வேண்டும். எத்தனை மணிக்குப் பார்த்தோம், எந்தத் திசை, என்ன வடிவம், அவ்வளவுதான். வகுப்பில் நிறையப் பேர் முனகினார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். நான்காம் வகுப்பிலிருந்தே எனக்கு வானம் பிடிக்கும்.

பழைய நோட்டுகளில் மீதியிருந்த தாள்களைப் பிரித்து அம்மா ஊசி நூலால் தைத்துக் கொடுத்தார். நான் கோடு போட்டேன்: தேதி, நேரம், திசை, படம். தாத்தா ஸ்கேலைப் பிடித்துக்கொண்டார். பாதியில், "எனக்கும் ஒரு பத்தி போடேன்" என்றார். தாத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. செய்தித்தாளையே அப்பாதான் வாசித்துக் காட்டுகிறார். ஆனாலும் கேட்டுவிட்டாரே என்று படத்துக்கான இடத்தைக் குறுக்கி, கடைசியில் "தாத்தா" என்று ஒரு பத்தி போட்டேன்.

முதல் வரி. நான்: நிலா இல்லை. தாத்தா: நிலா இல்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

கிடைத்துவிட்டது! முதலில் பார்த்தது நான் இல்லை, தம்பி. சூரியன் மறைந்த பக்கம் வானம் இன்னும் ஆரஞ்சாக இருந்தது. அங்கே வெட்டிப் போட்ட நகம் மாதிரி இருந்தது. நான் மேலேயே தேடிக்கொண்டிருந்தேன். தம்பி ஐந்து வயது, குள்ளம், அதனால் கீழே பார்த்தான் போல.

தாத்தா: ஒன்றும் தெரியவில்லை.

டிசம்பர் 4, புதன்

இன்று நிலாவுக்குப் பக்கத்தில் வெள்ளி. அத்தனை பிரகாசம். தம்பி அதை விமானம் என்றான், நகரவில்லை என்றதும் ஒத்துக்கொண்டான்.

அதைவிட ஓர் அதிசயம். பிறையின் உள்ளே மீதி நிலா முழுவதும் மங்கலாகத் தெரிந்தது. சாம்பல் பூசினது போல ஒரு வட்டம். வெளிச்சம் படாத இடம் எப்படித் தெரியும்? காலையில் டீச்சரிடம் கேட்க வேண்டும் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

தாத்தா: வெள்ளி தெரிகிறது, சுற்றிலும் கதிர் கதிராக. நிலா தெரியவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

கேட்டேன். அது பூமியின் வெளிச்சமாம்! சூரிய ஒளி பூமியில் பட்டு, அங்கிருந்து நிலாவுக்குப் போய், மறுபடி நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. நிலாவில் நின்று பார்த்தால் இப்போது பூமி ஏறக்குறைய முழு வட்டமாகப் பளிச்சென்று இருக்குமாம். சுமார் 500 வருடங்களுக்கு முன்பே லியோனார்டோ டா வின்சி இதை எழுதி வைத்திருக்கிறார். ஓவியர் என்று மட்டும்தான் அவரை நினைத்திருந்தேன்.

டிசம்பர் 6, வெள்ளி

தாத்தாவுக்கு நிலா தெரிந்துவிட்டது. ஆனால் "இரண்டு நிலா தெரியுதே கண்ணு" என்றார். ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் விலகி இருக்கிறதாம். ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னேன். அப்போதும் இரண்டு. அடுத்த கண்ணிலும் இரண்டு.

எனக்கு அதை எழுதத் தயக்கமாக இருந்தது. டீச்சர் பார்த்தால் என்ன நினைப்பார்? நான் பேனாவை வைத்துக்கொண்டு சும்மா இருந்ததைப் பார்த்து அப்பா உட்கார்ந்து விளக்கினார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். வயதாக ஆக அது கலங்கிவிடுகிறது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கலங்காமல் திட்டுத் திட்டாகக் கலங்கினால் உள்ளே போகும் ஒளி பிரிந்துபோய் ஒரே கண்ணிலேயே இரண்டு பிம்பம் தெரியலாம். ஆக தாத்தா தப்பாகச் சொல்லவில்லை. அவர் பார்த்தது இரண்டுதான்.

எழுதினேன். தாத்தா: இரண்டு நிலா, பழுப்பு நிறம்.

டிசம்பர் 7, சனி

இன்று வியாழன் கிரகத்தின் நாள். சூரியனும் வியாழனும் நமக்கு நேர் எதிரெதிரே இருக்கும் நாள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அப்படியே நடந்தது. மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே வியாழன் ஏறியது.

தாத்தாவின் பெட்டியிலிருந்து பழைய பைனாகுலரை எடுத்தோம். கையில் பிடித்தால் வியாழன் தையல் மிஷின் ஊசி மாதிரி மேலும் கீழும் குதித்தது. மாடிச் சுவரில் தலையணை வைத்து, அதன்மேல் பைனாகுலரை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வியாழன் ஒரு குட்டி வட்டம். அதை ஒட்டி ஒரே கோட்டில் ஊசிமுனைப் புள்ளிகள். இரண்டு நிச்சயம். மூன்றாவது இருந்தது போலத்தான் இருந்தது, ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன். அவை வியாழனின் நிலாக்கள்! அயோ, யூரோப்பா, கேனிமீட், காலிஸ்டோ என்று பெரிய நிலாக்கள் நான்கு. கலிலியோ 1610-இல் கண்டுபிடித்தவை. அவர் பார்த்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று நினைத்ததும் கை இன்னும் நடுங்கியது.

அம்மா கீழே இருந்து மூன்று தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை என் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அதனால் இறங்கிவிட்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

அரை நிலா. இன்று ஒரு பெரிய குழப்பம் தீர்ந்தது.

நிலா தேய்வதற்குக் காரணம் பூமியின் நிழல் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானாக நினைத்துக்கொண்டது. ஆனால் சாயங்காலம் மாடியில் நின்றபோது உறுத்தியது. சூரியன் மேற்கே மறைகிறது. அப்படியென்றால் பூமியின் நிழல் அதற்கு நேர் எதிராகக் கிழக்குப் பக்கம் விழ வேண்டும். நிலாவோ உச்சியில் இருக்கிறது. நிழல் அங்கே எப்படிப் போகும்?

இருட்டறையில் ஒரே ஒரு விளக்கை வைத்து, டென்னிஸ் பந்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றினேன். என் தலைதான் பூமி. பந்தில் பாதி எப்போதும் வெளிச்சமாகத்தான் இருந்தது. அந்தப் பாதியில் எனக்கு எவ்வளவு தெரிகிறது என்பதுதான் மாறியது. பிறை, அரை, முக்கால், முழுசு. விளக்குக்கு நேர் எதிரே வந்தபோது மட்டும் என் தலையின் நிழல் பந்தில் விழுந்தது. அது கிரகணம்! பந்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்ததும் நிழல் போய்விட்டது. ஒவ்வொரு பௌர்ணமியிலும் ஏன் கிரகணம் வருவதில்லை என்பதும் சேர்த்துப் புரிந்துவிட்டது. தம்பி தனக்கும் வேண்டும் என்று அழுததால் அவனும் ஐந்து சுற்று பூமியாக இருந்தான்.

தாத்தா: இரண்டு அரை நிலா.

டிசம்பர் 10, செவ்வாய்

நேரம் 7.30. ஏறக்குறைய உச்சி. முக்கால் நிலா. தாத்தா: இரண்டு நிலா. நாளை கணக்குத் தேர்வு.

டிசம்பர் 11, புதன்

நேற்று எழுதியது பொய்.

நேற்று நான் மாடிக்கே போகவில்லை. கணக்குப் படித்து முடிக்க நேரமாகிவிட்டது. நிலா எங்கே இருக்கும், எவ்வளவு இருக்கும் என்று எனக்குத்தான் இப்போது தெரியுமே என்று முந்தின நாள் படத்தைப் பார்த்து யோசித்து வரைந்துவிட்டேன். தாத்தாவின் பத்தியையும் நானே நிரப்பினேன்.

இன்று சாயங்காலம் தாத்தா நோட்டை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "நேத்து ராத்திரி பூரா மழை பெஞ்சுதே கண்ணு, ஜன்னல்ல அடிச்ச சத்தம் கேட்டுச்சே. நீ எங்க நிலாவைப் பார்த்தே?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் திட்டவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நான் பார்த்தேன்னு வேற எழுதியிருக்கியே" என்று மட்டும் சொன்னார்.

என் பத்தியில் பொய் எழுதியதைவிட அவர் பத்தியில் எழுதியதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் கேட்டு வாங்கிய பத்தி அது. பாத்ரூமில் போய் அழுதேன். பிறகு நோட்டைத் திறந்து, அழிக்காமல், படத்தின்மேல் ஒரே கோடு அடித்து, பக்கத்தில் "மழை. பார்க்கவில்லை" என்று எழுதினேன். தாத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். "இப்ப சரி" என்றார்.

கணக்கில் எப்படியும் ஒரு கேள்வி தப்பு.

டிசம்பர் 12, வியாழன்

தாத்தாவின் வலது கண்ணுக்கு இன்று அறுவை. அப்பா கூட்டிப் போனார். பள்ளியில் எனக்கு எதுவுமே மண்டையில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்தால் தாத்தா கண்ணில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்! அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டு ஒரு செயற்கை லென்ஸை வைத்திருக்கிறார்களாம். வலிக்கவே இல்லை என்றார்.

நிலா: மேகத்துக்குள் ஐந்து நிமிடம் மட்டும். தாத்தா: பார்க்கவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

கட்டைப் பிரித்தாகிவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர் படக்கூடாது, தேய்க்கக்கூடாது. சொட்டு மருந்துக்கு நேரம் பார்ப்பது என் பொறுப்பு. சுவரில் அட்டவணை ஒட்டியிருக்கிறேன். போட்ட பிறகுதான் டிக் அடிப்பேன், முன்னாலேயே இல்லை.

இன்று டீச்சரிடம் 10-ஆம் தேதி விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கலிலியோவைப் பற்றிச் சொன்னார். 1610 ஜனவரி 7 இரவு வியாழனுக்குப் பக்கத்தில் மூன்று சின்ன நட்சத்திரங்களைப் பார்த்தார். 8-ஆம் தேதி அவை இடம் மாறியிருந்தன. 9-ஆம் தேதிக்காக எவ்வளவு ஆசையாகக் காத்திருந்திருப்பார்! அன்று வானம் முழுக்க மேகம். அதையும் அப்படியே குறித்து வைத்தார். மறுபடி பார்த்து, பார்த்து, 13-ஆம் தேதிதான் நான்காவதும் கண்ணில் பட்டது. நடுவில் 9-ஆம் தேதியை அவர் ஊகித்து வரைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாள் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 14, சனி

இன்றைய பக்கத்தை நான் எப்போதும் வைத்திருப்பேன்.

தாத்தாவை மெதுவாக மாடிக்குக் கூட்டிப் போனோம். அப்பா ஒரு கை, நான் ஒரு கை. கிழக்கே நிலா, அதன் பக்கத்திலேயே வியாழன். தாத்தா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். நான் எதுவும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒண்ணுதான்" என்றார்.

அப்புறம் இடது கண்ணை மூடிப் பார்த்தார், வலது கண்ணை மூடிப் பார்த்தார், மறுபடி மாற்றினார். சின்னப் பிள்ளை விளையாடுவது போல மாற்றி மாற்றி. ஒரு கண்ணில் நிலா வெள்ளை வெளேரென்று, கொஞ்சம் நீலம் கலந்தாற்போல இருக்கிறதாம். மற்றதில் பழுப்பு. "இத்தனை வருஷமா இந்தப் பழுப்பைத்தான் வெள்ளைன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். பழைய லென்ஸ் மஞ்சள் கண்ணாடி மாதிரி நீலத்தைத் தடுத்துவிடும், அதனால்தான் என்றார் அப்பா.

தாத்தாவின் பத்தியை இரண்டாகப் பிரித்தேன்.
வலது கண்: ஒரு நிலா, வெள்ளை. திட்டுகளும் தெரிகின்றன.
இடது கண்: இரண்டு நிலா, பழுப்பு.

அம்மா கீழே இருந்து கூப்பிடவில்லை. அவரும் மேலே வந்துவிட்டார்.

டிசம்பர் 15, ஞாயிறு

பௌர்ணமி. நிலா எழும்போது எவ்வளவு பெரிசு! தாத்தாதான் சொன்னார், கையை முழுசாக நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பார் என்று. மறைந்தது, விரலில் இடம் மிச்சமும் இருந்தது. 9 மணிக்கு உச்சிப் பக்கம் போன சின்ன நிலாவையும் அதே விரலால் மறைத்தேன். அதே அளவு! பெரிசாகத் தெரிவது நம் மனத்தின் வேலைதான். விரலுக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 18, புதன்

நிலா தினமும் தாமதமாக வருகிறது. சராசரியாக ஒரு நாளைக்கு 50 நிமிடமாம். இன்று தூங்கப் போகிற நேரத்துக்குத்தான் எழுந்தது, பக்கத்தில் சிவப்பாகச் செவ்வாய். தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லி விழித்திருந்தேன். உண்மையாகவே படித்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

தம்பிக்கு முன்பல் விழுந்தது. நிலாவை ராத்திரி முழித்துப் பார்க்க அம்மா விடவில்லை. காலையில் பார்த்தேன், வெயிலிலேயே வெளிறிப்போன அரை நிலா.

மத்தியானம் நானும் தம்பியும் ஒரு அளவு பார்த்தோம். கூடைப்பந்து பூமி என்றால் டென்னிஸ் பந்து நிலா. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் விட வேண்டும்? தம்பி ஒரு முழம் தள்ளி வைத்தான். நான் அறையின் மறுமூலையில் வைத்தேன். இரண்டுமே தப்பு. நிஜ தூரம் சராசரியாக 3,84,400 கிலோமீட்டர், அதாவது பூமியை 30 தடவை வரிசையாக அடுக்கின தூரம். கூடைப்பந்துக்கு அது 7 மீட்டருக்கும் மேல். தம்பி பந்தோடு வாசலைத் தாண்டிப் போய் நின்று, "இங்கயா? இங்கயா?" என்று கத்திக்கொண்டே இருந்தான். பல் போன வாயில் காற்றுதான் வந்தது.

டிசம்பர் 25, 26

மேகம். பார்க்கவில்லை. மேகம். பார்க்கவில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

விடியற்காலையில் தாத்தா என்னை எழுப்பினார். நான் அவரை எழுப்புவதாகத்தான் பேச்சு, அவர் முந்திக்கொண்டார். சூரியன் வரப்போகிற பக்கத்தில் கீற்று நிலா, ரொம்ப ரொம்ப மெல்லிசு. எனக்கு முதலில் அகப்படவில்லை. தாத்தா என் தலையைப் பிடித்துத் திருப்பி, அவர் விரலின் நுனிக்கு நேராகப் பார்க்கச் சொன்னார். இருந்தது.

வலது கண்: ஒரு நிலா. இடது கண்: தெரியவில்லை.

டிசம்பர் 31, செவ்வாய்

அமாவாசை. தாத்தாவும் நானும் விடியலில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தேடினோம்.

நான்: நிலா இல்லை. தாத்தா, இரண்டு கண்ணும்: நிலா இல்லை.

நோட்டைப் பள்ளி திறந்ததும் கொடுக்க வேண்டும். தாத்தாவின் இடது கண்ணுக்கு அடுத்த மாதம் அறுவை. அதனால் அம்மாவிடம் இன்னொரு நோட்டு தைத்துக் கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை படத்துக்கு அகலமான இடம் விட்டு, முதல் கோடு போடும்போதே தாத்தாவுக்கு இரண்டு பத்தி.