ஒரு ஜீன் மட்டும் போதாது

காசிமேட்டில் விசைப்படகு வின்ச்சுக்கு அடிக்கிற கிரீஸில் பெரும்பகுதி பெட்ரோலிய எண்ணெய். எங்கள் மணலி ரிஃபைனரி மாதிரி இடங்களில் தயாராவதுதான். ஆனால் விரலில் எடுத்தால் வழியாமல் வெண்ணெய் மாதிரி நிற்கிறதே, அந்தக் கெட்டித்தன்மை பெரும்பாலும் ஆமணக்கு விதையிலிருந்து எடுக்கிற விளக்கெண்ணெயிலிருந்து வருகிறது. விளக்கெண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றி 12-ஹைட்ராக்சி ஸ்டியரிக் அமிலம் எடுப்பார்கள், அதை லித்தியத்தோடு சேர்த்துச் சோப்பாக்கினால் லித்தியம் கிரீஸுக்கான அடிப்படைச் சரக்கு ரெடி.

விளக்கெண்ணெயில் கிட்டத்தட்ட 85 முதல் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். 18 கார்பன் சங்கிலி, பன்னிரண்டாவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி. சமையல் எண்ணெய்களில் அது கிடையாது. அந்த ஒன்று இருப்பதால்தான் இதிலிருந்து நைலான் 11, செபாசிக் அமிலம் என்று என்னென்னவோ எடுக்க முடிகிறது.

சரி, இவ்வளவு நல்ல பயிரான ஆமணக்கை ஏன் எல்லா ஊரிலும் போடுவதில்லை? அதன் விதையான கொட்டமுத்தில் ரிசின் என்கிற விஷம் இருக்கிறது, அதனால் புண்ணாக்கை அப்படியே மாட்டுக்கு வைக்க முடியாது, உரத்துக்குத்தான் போகும். குலைகளும் ஒரே சமயத்தில் முற்றாது, பல முறை கையால் பறிக்க வேண்டும், கூலி கட்டுப்படியாகாது.

அதனால் விஞ்ஞானிகள் வேறு வழி பார்த்தார்கள். ரிசினோலிக் அமிலத்தை உண்டாக்குகிற நொதியின் ஜீனை ஆமணக்கிலிருந்து எடுத்து 1990களில் அராபிடாப்சிஸ் என்கிற சின்னச் செடியில் போட்டார்கள். விதை எண்ணெயில் ஹைட்ராக்சி அமிலங்கள் 17 சதவீதத்தோடு நின்றுவிட்டன. நொதி வேலை செய்வது செல்லின் சவ்வில் இருக்கிற பாஸ்பாடிடைல்கோலின் என்கிற கொழுப்பின் மீது; அங்கே உருவான அமிலத்தைப் பிரித்து எண்ணெயில் கொண்டுபோய்ச் சேர்க்க அந்தச் செடிக்குச் சரியான நொதிகள் இல்லை. 2008இல் அமிலத்தை எண்ணெயில் சேர்க்கிற நொதிக்கான ஆமணக்கின் டிஜிஏடி2 ஜீனையும் சேர்த்துப் பார்த்தபோது 30 சதவீதத்தை நெருங்கியது. அப்போதும் ஆமணக்கு தானாகச் செய்வதில் மூன்றில் ஒரு பங்குதான்!

ஒரு ஜீனைப் போட்டால் புதுப் பயிர் வந்துவிடும் என்கிற பேச்சை அதனால்தான் நான் நம்புவதில்லை. விதை எண்ணெயைச் சேர்க்கிற மொத்த ஏற்பாடும் மாற வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே வேண்டிய அமிலத்தை அள்ளித் தருகிற செடியைச் சீர்படுத்துவதே நமக்கு நேர்வழி. தனியாவையே பாருங்களேன், அந்த விதை எண்ணெயில் பெரும்பங்கு பெட்ரோசெலினிக் அமிலம், அதன் இரட்டைப் பிணைப்பை உடைத்தால் ஒரு பக்கம் சோப்புக்கு ஆகிற லாரிக் அமிலம், இன்னொரு பக்கம் நைலானுக்கு ஆகிற அடிபிக் அமிலம். நம் சாம்பார் பொடி டப்பாவில் கிடக்கிற விதை, ஆனால் அதை எண்ணெய் வித்தாக நினைத்து யார் வளர்க்கிறார்கள்?

ஆமணக்கிலேயே வேலை நடக்காமல் இல்லை. 2017இல் பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் ரிசின் ஜீன்களை அடக்கி விஷமில்லாத விதையைக் காட்டினார்கள். நம் சேலம் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் ஒய்ஆர்சிஹெச் 1 வீரிய ஒட்டு ரகத்தைத் தந்திருக்கிறது. இங்கே அடுத்து வர வேண்டியது விஷமில்லாத புண்ணாக்கு, அப்புறம் ஒரே சமயத்தில் முற்றுகிற குலை. புண்ணாக்கு தீவனமாக விற்றாலே விவசாயிக்கு எண்ணெய்க்கு மேல் இன்னொரு வருமானம் வரும், எண்ணெய் விலை விழுகிற வருஷத்திலும் அவர் ஆமணக்கைக் கைவிட மாட்டார்.