சோம் தம் பாட்டும் பெட், ப்ஹெட் குழப்பமும்

பாங்காக்குக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் கேட்கச் சொல்வது ‘சோம் தம்’ பாட்டைத்தான். வரிகள் தாய்லாந்து இளவரசி சிரிந்தோன் எழுதியவை. பாடியவர் லூக் துங் என்னும் நாட்டுப்புற மெட்டிசையின் அரசி பும்புவாங் துவாங்சான். பப்பாளிக்காய் சாலட் செய்முறையே பாட்டு. பூண்டு, மிளகாய், எலுமிச்சை, மீன் சாஸ், இறால் கருவாட்டுத் தூள், காராமணிக்காய் என்று சந்தைக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் அதில் உண்டு.

ஆனால் உச்சரிப்பை மட்டும் பாட்டிலிருந்து எடுக்காதீர்கள். தாய்லாந்து மொழியில் சொல்லின் பொருளையே மாற்றும் ஐந்து தொனிகளும் (குரலின் ஏற்ற இறக்கங்கள்) மெட்டுக்கு வளைந்துவிடும். நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: தமிழில் ‘ப’ ஒன்றுதான். அங்கே மூச்சு விடாமல் ‘பெட்’ என்றால் வாத்து, மூச்சு விட்டு ‘ப்ஹெட்’ என்றால் காரம். தொனியும் இரண்டுக்கும் ஒன்றே. உதட்டுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்துச் சொல்லிப் பழகுங்கள். காரத்துக்குத் தாள் ஆட வேண்டும்.

வீட்டில் செய்ய மண் உரலும் மர உலக்கையும் வாங்குங்கள். கல் உரலில் காய் நசுங்கி நீர் விட்டுவிடும். ஒரு தட்டுக்கு இரண்டு பல் பூண்டு, இரண்டு மிளகாய் இடித்து, ஒரு மேசைக்கரண்டி பனைவெல்லம் சேர்த்துக் கரையுங்கள். வெல்லம் கரையுமுன் காயைப் போட்டால் இனிப்பு அடியிலேயே தங்கிவிடும். பிறகு எலுமிச்சைச் சாறு ஒன்றரைக் கரண்டி, மீன் சாஸ் ஒரு கரண்டி. கடைசியில் இரண்டு கைப்பிடி காய்த்துருவல். ஒரு கையால் மெல்லத் தட்டி, மறு கைக் கரண்டியால் புரட்ட வேண்டும்.

சைவர்கள் காய்கறி சாலட்தானே என்று நம்பிவிட வேண்டாம். ‘மை சை நாம் ப்லா, மை சை குங் ஹேங்’ (மீன் சாஸ் வேண்டாம், உலர் இறால் வேண்டாம்) என்று இரண்டையும் சொல்லுங்கள். ‘ப்லா ரா’ என்று காதில் விழுந்தால் அதையும் மறுத்துவிடுங்கள்; அது ஊறவைத்துப் புளித்த மீன்.

பும்புவாங்குக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர், வரிகளைப் பிறர் வாசிக்கக் கேட்டே மனப்பாடம் செய்தார். அச்சடித்த பாடநூலில்லாமல் காதால் மொழி பிடிக்கிற நமக்கு இதைவிடப் பெரிய தைரியம் வேறில்லை. லூபஸ் நோயால் 1992 ஜூன் 13 அன்று, 30 வயதில் இறந்தார். சுபன்புரி மாநிலத்தின் வாட் தப் கிராடான் கோயிலில் அவர் உருவச்சிலைகள் இருக்கின்றன. லாட்டரி எண் வேண்டி வருவோர் அவருக்குப் புதுத் துணியும் அலங்காரப் பொருள்களும் காணிக்கை வைக்கிறார்கள்.