சி1 வாங்கின பிள்ளை

காட்பாடி பஸ் ஸ்டாப்பில் ஒரு அம்மா, மூன்றாம் வகுப்பு மகளின் மதிப்பெண் அட்டையை விரித்து வைத்துக்கொண்டு, "இன்னாடி இது, கணக்குல சி1?" என்றார். பிள்ளை ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றது.

அந்த எழுத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

நம்ம மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரு பருவத்துக்கு 100 மதிப்பெண். வளரறி மதிப்பீடு 40: செயல்பாட்டுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20. பருவக் கடைசியில் எழுதும் தொகுத்தறித் தேர்வுக்கு 60. மொத்தம் 51 முதல் 60 வரை வந்தால் சி1.

இப்போது பாருங்கள். ஒரு பிள்ளை வளரறியில் 38, தொகுத்தறியில் 22. இன்னொன்று 20 + 40. இரண்டுமே 60, இரண்டுக்கும் சி1.

முதல் பிள்ளைக்குப் பாடம் தெரியும், பருவத் தேர்வுத் தாளில் எழுதத்தான் தடுமாறுகிறது. கேள்வியைத் தானே படித்துப் புரிந்துகொள்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது நன்றாக எழுதுகிறது. செயல்பாடு நடந்த நாட்களில் லீவு போட்டிருக்கலாம், இல்லை வகுப்பில் வாயே திறக்காமல் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே டியூஷன் என்றால் காசுதான் வீண்.

90 எடுத்தால் ஏ2, 91 எடுத்தால் ஏ1. அந்த ஒரு மார்க்குக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது வெட்டி வேலை. 81 எடுத்தாலும் அதே ஏ2தானே!

சி.பி.எஸ்.இ. பள்ளி அட்டைக்கு இந்தக் கணக்கைப் போட வேண்டாம், அது வேறு.

டீச்சரைப் பார்க்கப் போனால் "ஏன் சி1?" என்று ஆரம்பிக்காமல், "40க்கு எவ்வளவு, 60க்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். திருத்தின விடைத்தாளையும் ஒரு தடவை வாங்கிப் பாருங்கள்.