ரவெல்லோவில் இரண்டு இரவு

இத்தாலியின் அமால்ஃபி கடற்கரைக்கு மேலே, மலை உச்சியில் ரவெல்லோ. நாங்கள் தங்கிய வில்லா சிம்ப்ரோனே என்ற பழைய மாளிகை ஹோட்டலின் வாசல் வரை கார் வராது. ஊர்ச் சதுக்கத்திலிருந்து சந்து சந்தாகப் படியேறி நடைதான். எனக்கு மூச்சு வாங்கியது. மனைவி சிரித்துக்கொண்டே முன்னால் போய்விட்டாள்.

பாழடைந்து கிடந்த இந்த மாளிகையை 1904இல் எர்னஸ்ட் பெக்கெட் என்ற ஆங்கிலேயர் வாங்கிப் புதுப்பித்திருக்கிறார். 1938இல் நடிகை கிரேட்டா கார்போ யார் கண்ணிலும் படாமல் இருக்கலாம் என்று இங்கே வந்தார், பத்திரிகைக்காரர்கள் விட்டால்தானே!

வாடகையை மட்டும் கேட்காதீர்கள், அம்மாவும் இந்தப் பதிவைப் படிப்பார்.

பகலில் டிக்கெட் வாங்கித் தோட்டம் பார்க்க வருகிறவர்கள் கூட்டம். அதனால் விடியற்காலையிலேயே கோடியிலுள்ள மாடத்துக்குப் போனேன். வரிசையாகப் பளிங்குத் தலைச் சிலைகள், அதற்கப்பால் வெறும் நீலம். கடல் எது, வானம் எது என்று பிரிக்கவே முடியவில்லை. நானும் ஒரு பூனையும்தான் இருந்தோம்.