ஆல்பனியில் ஒரு குளிர்காலம்: கிளிண்டன் கோஷ்டியும் மான்வால் கோஷ்டியும்

ஜனவரி 11

மகள் ஏழாம் வகுப்பு. நியூயார்க் மாநிலத்தின் ஈரி கால்வாய் பற்றி சார்ட் செய்ய வேண்டும் என்று நேற்று மேஜை முழுக்க காகிதமும் பசையும். 363 மைல், 40 அடி அகலம், 4 அடி ஆழம், 1817 முதல் 1825 வரை வெட்டினார்கள், எல்லாம் எழுதியாகிவிட்டது. நடுவில், கால்வாய்க்காக முன்னின்று உழைத்த டிவிட் கிளிண்டன் படத்தை ஒட்டிக்கொண்டே கேட்டாள்: "அப்பா, கால்வாய் முடியறதுக்கு முன்னாடியே இவரைப் பதவியை விட்டுத் தூக்கிட்டாங்களாமே, ஏன்?" கட்சித் தகராறு கண்ணு என்று சொல்லி வைத்தேன். அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. மாநிலத் தலைநகரான இந்த ஆல்பனியில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை. நூலகத்திலிருந்து மூன்று தடிப் புத்தகம் எடுத்து வந்திருக்கிறேன், படிக்கப் படிக்க இங்கே எழுதுகிறேன்.

ஜனவரி 18

மதிய உணவு நேரத்தில் ஸ்டேட் தெரு ஏற்றத்தில் நடந்தேன். பனி இறுகி வழுக்கியது. மேலே இப்போது இருக்கும் சட்டமன்றக் கட்டடம் பின்னால் வந்தது. நான் படித்துக்கொண்டிருக்கும் சண்டைகள் நடந்த பழைய கட்டடம் அதற்கு முன்னே, இப்போது பூங்காவாக இருக்கும் இடத்தில் இருந்தது. 1883-ல் இடித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஜனவரியில் கூடி ஏப்ரலில் கலைவார்கள், நதி உறைந்திருக்கும், உறுப்பினர்கள் ஊரிலேயே அறை எடுத்துத் தங்குவார்கள், ராத்திரி சாப்பாட்டு மேஜையில் முடிவானதுதான் மறுநாள் காலை சபையில் ஓட்டாகும்.

சரி, எதற்காகச் சண்டை? இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும் என்று இப்போது நினைக்கிறேன். 1777 அரசியல் சட்டப்படி நியூயார்க் மாநிலத்தில் 'நியமனக் குழு' என்று ஒன்று. ஆளுநரும் மாநில மேலவையான செனட்டின் நான்கு உறுப்பினர்களும். அந்த நால்வரை ஒவ்வோர் ஆண்டும் கீழவையான பேரவை தேர்ந்தெடுக்கும். மாநில அட்டர்னி ஜெனரல், நியூயார்க் நகர மேயர், ஷெரீப், கவுண்டி கிளார்க், கிராமத்து நீதிபதி, ஏலம் விடுகிறவர், ஊர்க்காவல் படை அதிகாரி என்று எல்லோருக்கும் பதவி தருவது இந்த ஐந்து பேர்தான். 1821 வாக்கில் அவர்கள் கையில் ஏறக்குறைய 15,000 பதவிகள். பேரவையில் ஓர் ஓட்டு இந்தப் பக்கம் சாய்ந்தால் நால்வரும் மாறுவார்கள், நால்வர் மாறினால் எங்கோ மலையோரக் கிராமத்து நீதிபதி வரைக்கும் மாறுவார். கோஷ்டி ஏன் இவ்வளவு வெறியோடு இருந்தது என்பதற்கு வேறு காரணமே தேட வேண்டாம்.

பிப்ரவரி 1

1816 கூட்டத்தொடரில் நடந்த ஒன்றைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஒன்டாரியோ கவுண்டியில் பெடரலிஸ்ட் கட்சி வேட்பாளர் ஹென்றி ஃபெல்லோஸ், ரிபப்ளிகன் வேட்பாளர் பீட்டர் ஆலன். (அந்தக் கால ரிபப்ளிகன், ஜெஃபர்சன் கட்சி. இன்றைய கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பென்னிங்டன் என்ற ஊரின் வாக்குச்சீட்டுகளில் 'ஹென். ஃபெல்லோஸ்' என்று சுருக்கி எழுதியிருந்தது. ஹென் என்றால் ஹென்றிதான், ஊருக்கே தெரியும். ஆனால் கவுண்டி கிளார்க் அந்தச் சீட்டுகளைத் தள்ளிவிட்டு ஆலன் ஜெயித்தார் என்று சான்றிதழ் கொடுத்தார். அந்தக் கிளார்க் பதவியே நியமனக் குழு கொடுக்கும் பதவி என்பதை மறக்கக் கூடாது. பேரவையில் இரண்டு கட்சியும் ஏறக்குறைய சமம். உட்கார வேண்டியவர் யார் என்பதை முதலில் தீர்ப்போம் என்று பெடரலிஸ்டுகள் கேட்டார்கள். முடியாது, முதலில் நியமனக் குழுத் தேர்தல் என்றார்கள் ரிபப்ளிகன்கள். ஆலன் ஓட்டுப் போட்டார், அவர் ஓட்டின் பலத்தில் குழு அவர்கள் கைக்கு வந்தது. அதற்கப்புறம் அதே சபை, ஃபெல்லோஸ்தான் உண்மையில் ஜெயித்தவர் என்று தீர்மானித்து ஆலனை எழுப்பி அனுப்பிவிட்டது.

ஒரு பெயரைச் சுருக்கி எழுதியதற்காக ஓர் ஊரின் வாக்கு போய், ஒரு வருஷத்துக்கான மொத்தப் பதவியும் கைமாறியது. இனிஷியல் ஒரு எழுத்து மாறினால் ரேஷன் கார்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் நாயாய் அலைந்த நமக்கு இது சட்டென்று உறைக்கும்.

பிப்ரவரி 11

இன்று கிளிண்டன் இறந்த நாள். 1828, இதே ஆல்பனியில், ஆளுநராக இருக்கும்போதே. கையில் காசில்லை. குடும்பத்தால் தனிக் கல்லறைக்குக்கூட வழி செய்ய முடியாமல் வேறொருவர் குடும்பக் கல்லறையில் வைத்தார்கள். புரூக்லினுக்குக் கொண்டுபோனது பல வருஷம் கழித்துத்தான். அவர் சித்தப்பா ஜார்ஜ் கிளிண்டன் மாநிலத்தின் முதல் ஆளுநர். இவரே நியூயார்க் நகர மேயராகப் பல ஆண்டு இருந்தவர், 1812-ல் ஜனாதிபதித் தேர்தலில் மேடிசனை எதிர்த்து நின்று தோற்றவர். அறிவாளி, நல்ல உயரம், யாரிடமும் வளைய மாட்டார். வளைய மாட்டார் என்பதைவிட, தன்னைச் சுற்றி இருப்பவர்களை மதிக்கத் தெரியாதவர் என்று சொல்வதுதான் சரி. அவரை நேசித்தவர்கள் எல்லாம் அவருக்காக உயிரையும் கொடுப்பார்கள், ஆனால் அவர்கள் ஒரு கட்சி இல்லை, அவருடைய ஆட்கள், அவ்வளவுதான்.

பிப்ரவரி 22

எதிர்ப்பக்கம் மார்ட்டின் வான் பியூரன். கிண்டர்ஹூக்கில் சத்திரம் நடத்தியவரின் மகன், வீட்டில் டச்சு மொழி. கல்லூரிப் படிப்பு இல்லை. அவரைச் சேர்ந்தவர்களுக்கு 'பக்டெயில்' என்று பெயர், அதாவது மான்வால். நியூயார்க் நகரத்தில் டாமனி என்ற அரசியல் சங்கத்துக்காரர்கள் தொப்பியில் மான் வாலைச் செருகிக்கொள்வார்கள், அதிலிருந்து வந்த பெயர். இரண்டு கோஷ்டியும் ஒரே ரிபப்ளிகன் கட்சிதான். பெடரலிஸ்டுகள் தேய்ந்துகொண்டே வர, சண்டை வீட்டுக்குள் வந்துவிட்டது.

1817 ஏப்ரலில் கால்வாய்ச் சட்டம் வந்தபோது செனட்டில் வான் பியூரன் அதற்கு ஆதரவாகப் பேசினார், ஓட்டும் போட்டார். பேச்சு முடிந்ததும் கிளிண்டனே வந்து கைகுலுக்கினார். அதோடு சரி.

1819 ஜனவரியில் சபாநாயகர் யார் என்று உட்கட்சிக் கூட்டம். மான்வால்காரர்களின் வேட்பாளர் வில்லியம் தாம்சன் அங்கே ஜெயித்தார். சபைக்கு வந்ததும் கிளிண்டன் ஆட்கள் அந்த முடிவைத் தூக்கி எறிந்துவிட்டு ஒபடையா ஜெர்மன் என்பவரை நிறுத்தி, கடைசியில் பெடரலிஸ்ட் ஓட்டோடு ஜெயிக்க வைத்தார்கள். வான் பியூரன் பார்வையில் இதைவிடப் பெரிய துரோகம் இல்லை. உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள், வெளியே வந்தால் பெரும்பான்மை சொன்னதற்குக் கட்டுப்படு. பெரிய குடும்பத்துப் பெயரோ நிலமோ இல்லாத ஒருவன் அரசியலில் நிற்க வேண்டுமானால் அவனுக்கு இருக்கும் ஒரே ஆயுதம் இதுதான் என்று அவர் நம்பினார், அதில் உண்மை இருக்கிறது என்று நானும் நம்புகிறேன். அந்த ஜூலையிலேயே கிளிண்டன் பக்கம் இருந்த நியமனக் குழு வான் பியூரனை அட்டர்னி ஜெனரல் பதவியிலிருந்து நீக்கியது.

மார்ச் 1

இன்று கொஞ்சம்தான். 1820-ல் ஆளுநர் தேர்தலில் துணை ஜனாதிபதி டாம்ப்கின்ஸையே கொண்டுவந்து கிளிண்டனுக்கு எதிராக நிறுத்தினார்கள். கிளிண்டன் 1,457 வாக்கில் தப்பித்தார். ஆனால் சட்டமன்றம் மான்வால் கைக்குப் போனது, ஆளுநர் நாற்காலி மட்டும் மிச்சம்.

மார்ச் 8

1821 அரசியல் சட்ட மாநாடு பற்றி எழுதுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஆகஸ்டில் இதே ஊரில் கூடினார்கள், பெரும்பான்மை மான்வால். நியமனக் குழுவை ஒழித்தார்கள். சொத்து இல்லாவிட்டாலும் வரி கட்டினாலோ, ஊர்க்காவல் படையில் இருந்தாலோ, சாலை வேலை செய்தாலோ வெள்ளை ஆண்களுக்கு வாக்கு. நல்லது.

கறுப்பினத்தவருக்கு? முதலில் வந்த வரைவிலேயே 'வெள்ளை' என்ற சொல் இருந்தது. மாநாட்டு உறுப்பினர் பீட்டர் ஜே அதை நீக்கச் சொல்லிப் பேசினார். நீக்க 63, வைத்துக்கொள்ள 59. அப்பாடா என்று மூச்சு விட்டுப் பக்கத்தைத் திருப்பினால், கொஞ்ச நாளில் வேறு வழியில் வந்துவிட்டது: கறுப்பு ஆண்கள் மட்டும் 250 டாலர் சொத்தும் மூன்றாண்டு குடியிருப்பும் காட்ட வேண்டும். வான் பியூரன் முதலில் முழுத் தடைக்கு எதிராக ஓட்டுப் போட்டார், பிறகு இந்த 250-க்கு ஆதரவாகப் போட்டார். கறுப்பு வாக்காளர்கள் பெரும்பாலும் பெடரலிஸ்டுக்குப் போடுவார்கள் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஏழை வெள்ளையனுக்குக் கதவைத் திறந்த அதே கை, அதே மாதங்களில், இதைச் செய்தது. 1846, 1860, 1869 என்று மூன்று தடவை இதை எடுத்துவிடலாமா என்று மாநில மக்களிடமே கேட்டார்கள், மூன்று தடவையும் வேண்டாம் என்றார்கள். 1870-ல் மத்திய அரசியல் சட்டத்தின் 15-வது திருத்தம் வந்த பிறகுதான் போனது. மகளின் சார்ட்டில் இது இல்லை. சேர்க்கச் சொன்னேன், சேர்த்தாள்.

மார்ச் 22

இனி 'ஆல்பனி ரீஜென்சி' காலம், அதாவது வான் பியூரனின் ஆட்கள் சிலர் சேர்ந்து கட்சியை நடத்திய காலம். வான் பியூரன் 1821-ல் செனட்டராக வாஷிங்டன் போய்விட்டார், இங்கே வில்லியம் மார்சி, சைலஸ் ரைட், அசரியா ஃபிளாக், ரோஜர் ஸ்கின்னர் போன்றவர்கள் கட்சியைப் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடும் நியூயார்க்கின் 36 தேர்வாளர்களையும் சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது. 1824-ல் அதை மக்களிடம் விடுங்கள் என்று ஊரெல்லாம் கேட்டது. 'மக்கள் கட்சி' என்றே ஒன்று கிளம்பிவிட்டது. ரீஜென்சிக்கு, வேட்பாளர்களில் ஒருவரான வில்லியம் கிராஃபோர்டு ஜனாதிபதியாக வேண்டும், மக்களிடம் விட்டால் ஜெயிக்க மாட்டார். பேரவையில் மசோதா நிறைவேறியது. செனட்டில் 17 பேர் சேர்ந்து அதைத் தேர்தலுக்குப் பின்னால் தள்ளிப்போட்டார்கள், எதிர்த்தவர்கள் 14. அந்தப் பதினேழில் சைலஸ் ரைட்டும் ஒருவர், நேர்மையானவர் என்று எதிரிகளே சொல்லும் மனிதர். தொகுதியில் திட்டுவார்கள் என்று தெரிந்தே போட்டார்கள். கட்சி சொன்னது, போட்டார்கள். அந்தக் கட்டுப்பாட்டை ஒரு பக்கம் மதிக்கவும் முடிகிறது, அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

ஏப்ரல் 12

இன்றைய தேதிதான். 1824 ஏப்ரல் 12, கூட்டத்தொடரின் கடைசி நாள், எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் நேரம். செனட்டில் திடீரென்று ஒரு தீர்மானம்: டிவிட் கிளிண்டனைக் கால்வாய் ஆணையர் பதவியிலிருந்து நீக்க வேண்டும். காரணம் எதுவும் சொல்லவில்லை. 21 ஆதரவு, 3 எதிர்ப்பு. உடனே பேரவைக்கு வந்தது.

அவர் அப்போது ஆளுநர்கூட இல்லை, அரசியலில் ஒதுங்கி இருந்தவர். 1810 முதல் கால்வாய்க்காக உழைத்தவர், இந்தப் பதவிக்குச் சம்பளம் வாங்கியதே இல்லை. மாண்ட்கோமரி கவுண்டி உறுப்பினர் ஹென்றி கன்னிங்ஹாம் எழுந்தார். தயார் செய்துகொண்டு வந்த பேச்சு இல்லை. அவர் செய்த குற்றம் என்ன, கடைசி நிமிடத்தில் இதை எதற்குக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். பதில் இல்லை. 64-க்கு 34 என்று நிறைவேறியது.

பின்னால் இருந்த கணக்கு இது: மக்கள் கட்சியில் கிளிண்டனைப் பிடிக்காதவர்களும் உண்டு, இந்த ஓட்டில் அவர்கள் இரண்டாக உடைவார்கள். ஆளுநராக ஆசைப்பட்ட மக்கள் கட்சித் தலைவர் ஜேம்ஸ் டால்மேஜ் நீக்குவதற்கே ஓட்டுப் போட்டார், அந்த ஓட்டிலேயே அவருடைய ஆளுநர் ஆசையும் முடிந்தது. ஏனென்றால் செய்தி வெளியே போனதும் ஊருக்கு ஊர் கண்டனக் கூட்டம். நவம்பரில் மக்கள் கட்சி கிளிண்டனையே நிறுத்தியது, 16,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஒருவனை அளவுக்கு மீறிக் கொல்லவும் முடியும் அரசியலில், இப்போதாவது புரிந்ததா என்று வான் பியூரன் ஸ்கின்னரிடம் கேட்டாராம்.

மகளிடம் ராத்திரி இதையெல்லாம் சொன்னேன். "அந்த 64 பேருக்கும் அது தப்புன்னு தெரியுமா அப்பா?" என்று கேட்டாள். பல பேருக்குத் தெரிந்திருக்கும் என்றேன்.

ஏப்ரல் 19

பனி போய்விட்டது. ஃபோர்ட் ஹன்டர் போனோம், ஆல்பனியிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குள்தான். பிற்பாடு அகலப்படுத்திய கால்வாயும் அங்கே இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் முதல் கால்வாயின் ஒரு துண்டும் மிச்சம். எதிரிகள் கேலியாக 'கிளிண்டன் பள்ளம்' என்று சொன்னது இதைத்தான். உள்ளே கொஞ்சம் தண்ணீர், போன வருஷத்து இலைகள், கரையில் மரங்கள் வளர்ந்து சாய்ந்திருக்கின்றன. அந்த அவமானத்திலிருந்து மீண்டு, ஒன்றரை வருஷம் கழித்து, 1825 அக்டோபர் 26-ல் பஃபலோவில் படகேறி, இந்த வழியாகத்தான் கிளிண்டன் ஆளுநராக வந்தார். பீரங்கி ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துச் செய்தியை நியூயார்க் வரை கொண்டுபோனதாம்.

இது மாண்ட்கோமரி கவுண்டி, கன்னிங்ஹாமின் ஊர்ப்பக்கம். அதைச் சொன்னதும் மகள் பழைய பள்ளத்தின் மேல் இருக்கும் சின்னப் பாலத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அடி எண்ணிக்கொண்டே நடந்தாள். பதினேழு வந்தது. திரும்பி நடந்து இன்னொரு தடவை எண்ணினாள்.