மொரிஸ் மைனருக்கு ஐந்து கியரும் புதிய பின்வில்களும்: ஒரு மலையக அனுபவம்

திக்கோயாவில் எங்கள் வீட்டில் இருக்கும் மொரிஸ் மைனர் 1000, 1958ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் 948 சீசீ எஞ்சின் புதிதாக இருந்த காலத்திலேயே 37 குதிரைவலுவைத்தான் தந்தது. அதனால்தான் மலையகத்தில் இன்றும் ஓடுகின்ற மைனர்களில் பலவற்றில் அந்த எஞ்சினை இறக்கிவிட்டு டட்சன் அல்லது டொயோட்டா எஞ்சினை ஏற்றியிருக்கிறார்கள். நான் அந்த வழியில் போக விரும்பவில்லை. பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கம் வண்டியிலும் இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். எஞ்சின் இன்னும் நல்ல நிலையில் இருந்தது என்பது மற்றொன்று. ஏற்றங்களில் என்னைக் களைக்க வைத்தவை கியர்பெட்டியும் பின் அச்சைத் தாங்கும் தகட்டு வில்களும் (லீப் ஸ்பிரிங்) தான்.

மைனரின் நான்கு கியர்களில் முதலாவதற்கு சின்க்ரோமெஷ், அதாவது ஓட்டத்திலேயே கியர் விழும்படி பற்களின் வேகத்தை ஒத்துவரச் செய்யும் அமைப்பு, கிடையாது. சமதரையில் இது பெரிய குறையல்ல. வண்டி நின்ற பிறகே முதல் கியரைப் போட நேரும். ஆனால், இறம்பொடை ஏற்றத்திலோ கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் நோக்கி வரும் வளைவுகளிலோ முன்னால் ஒரு லொறி தவழத் தொடங்கினால், இரண்டாவது கியரில் எஞ்சின் திணறிவிடும். அப்போது கிளட்சை இரண்டு தடவை மிதித்து, இடையில் எஞ்சினின் சுழற்சியை ஏற்றி, பற்கள் ஒத்துவரும் கணத்தைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றத்திலேயே வண்டியை நிறுத்தி மீண்டும் எடுக்க வேண்டும். அந்தக் காலத்துத் தோட்டத்து ஓட்டுநர்கள் இதைப் பேசிக்கொண்டே செய்வார்கள். எங்கள் வீட்டில் இப்போது வண்டி ஓட்டும் இளையவர்களிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பிரித்தானியாவில் மைனர் வைத்திருப்பவர்களில் பலர் இதற்கு போர்ட் சியராவில் வந்த டைப் 9 கியர்பெட்டியைப் பொருத்துகிறார்கள். இங்கே அதைத் தேடுவது வீண் அலைச்சல். பின்சில்லுகளால் இயங்கிய பழைய கொரோலா, கரீனா கார்களில் வந்த ஐந்து கியர் டொயோட்டா டி50 கியர்பெட்டியோ கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடினால் அகப்படும். பெயாரிங்கும் சீலும் பிறகு தேவைப்பட்டாலும் கிடைக்கும். வாங்குவதற்கு முன் கியர் விகிதங்களை, அதாவது கியர்பெட்டியின் வெளித்தண்டு ஒரு தடவை சுற்ற எஞ்சின் எத்தனை தடவை சுற்ற வேண்டும் என்பதை, தாளில் எழுதி ஒப்பிட்டேன். எண் கூடினால் இழுவை கூடும். மைனரில் இருந்தவை 3.63, 2.37, 1.41, 1.00. டி50இல் இருப்பவை 3.59, 2.02, 1.38, 1.00, 0.86. பலரும் ஆசைப்படுவது அந்தக் கடைசி எண்ணுக்கு. மணிக்கு 80 கிலோமீற்றரில் எஞ்சினின் சுழற்சி நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,300இலிருந்து 2,850 வரை இறங்குவதால் கொழும்புப் பயணம் காதுக்கு இதமாகும் என்பது உண்மைதான். ஆனால் மலையில் வாழ்பவர் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை. புதிய இரண்டாவது கியரின் இழுவை பழையதைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. இதற்கு ஈடாகக் கிடைப்பது, ஓடிக்கொண்டிருக்கும்போதே தயங்காமல் போடக்கூடிய முதல் கியர். இந்தக் கணக்குச் சரிவரும் என்று தோன்றியதால்தான் வாங்கினேன். அதோடு, பின் அச்சில் இருந்துகொண்டு இழுவையை மேலும் கூட்டும் டிபரென்ஷியலின் விகிதத்தையும் 3.9க்குக் குறைக்கும்படி சிலர் சொன்னார்கள். 37 குதிரைவலுவை வைத்துக்கொண்டு நானுஓயா ஏற்றத்தில் ஏறுகிறவருக்கு அந்த யோசனை உதவாது, பழைய 4.55ஐயே விட்டுவைத்தேன்.

கராஜ் பாஸ் கியர்பெட்டியை முதலில் ஏற்றிவிடலாம் என்றார். நான் பின்பக்க வேலையே முதலில் முடிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். புதிய கியர்பெட்டிக்குப் புதிய அளவில் புரொபெலர் ஷாப்ட், அதாவது கியர்பெட்டியின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு, செய்ய வேண்டும். அதன் நீளமும் கோணமும் பின் அச்சு நிற்கும் உயரத்தைப் பொறுத்தவை. அந்த உயரத்தைத் தீர்மானிப்பவை வில்கள். தொய்ந்துபோன வில்லின் மேல் அளவெடுத்து ஷாப்ட் செய்துவிட்டு, பிறகு வில்லை உயர்த்தினால், மூட்டுகளின் கோணம் மாறி, குறிப்பிட்ட வேகத்தில் வண்டி முழுவதும் அதிரும். இரண்டு வேலைகளையும் தனித்தனியாகச் செய்யத் திட்டமிடுகிறவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்லக்கூடியது இந்த ஒழுங்கைத்தான்.

வில்களைக் கழற்றியபோது அவற்றின் முன்முனை பொருந்தும் சட்டப் பகுதியில் கறள் உட்புறமாகப் பிடித்திருப்பது தெரிந்தது. மழை ஓயாத ஊரில் மைனருக்கு வழமையாக வரும் நோய் இது. மேலே பூசிய தார் அதை மறைத்துவிடும். சுத்தியலால் தட்டினால் ஓசையிலேயே விளங்கும். அந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்டிய பிறகே அடுத்த வேலைக்குப் போனோம். வில்களைக் கண்டியில் உள்ள ஒரு வில் பட்டறையில் வளைத்துப் பதமேற்றினோம். வெறுமனே குளிர்நிலையில் அடித்து வளைத்துத் தந்தால் சில மாதங்களிலேயே அவை பழையபடி தொய்ந்துவிடும் என்பதால், சூடேற்றி எண்ணெயில் தோய்த்துப் பதம் பார்க்கும் இடமாகத் தேடினேன். கூடுதலாக ஒரு தகடு சேர்க்கும் யோசனையை ஏற்கவில்லை. பின்பக்கம் விறைத்துப்போனால் குழிவிழுந்த தோட்டப் பாதையில் சில்லு நிலத்தைவிட்டு எழும்புவதுதான் மிஞ்சும்.

மைனரின் பின்பக்கத்தில் முதலில் இருந்தவை நெம்புகோல் வகை ஷொக் எப்சோர்பர்கள். அவற்றின் எண்ணெய் கசிந்து வெறும் கையாக ஆடிக்கொண்டிருந்தன. குழாய் வகைக்கு மாற்றும்போது கவனிக்க வேண்டியது மேல்முனையை எங்கே பிடிப்பது என்பதே. சாமான் பெட்டியின் தரைத் தகரம் அந்த அடியைத் தாங்காது. ஆகவே இரு பக்கச் சட்டங்களையும் இணைத்துக் குறுக்கே ஒரு தடித்த குழாயைப் பொருத்தி, அதில் மேல்முனைகளைப் பூட்டினோம். சில்லு முழுவதும் மேலெழும்போது, ஷொக் எப்சோர்பர் தன் அடிமட்டத்தைத் தொடுவதற்கு முன்பே அச்சு றப்பர் தடுப்பில் முட்ட வேண்டும். பூட்டுவதற்கு முன் வில்லைக் கழற்றி, ஜாக்கினால் அச்சை உயர்த்தி இதைப் பார்த்துக்கொண்டோம்.

ஷொக் எப்சோர்பர் மட்டும் மாற்றினால் அச்சின் துள்ளல் நிற்காது. செங்குத்தான சரளைப் பாதையில் முதல் கியரில் புறப்படும்போது, கியர்பெட்டியும் டிபரென்ஷியலும் சேர்ந்து எஞ்சினின் முறுக்கை 16 மடங்குக்கு மேல் பெருக்குகின்றன. அந்த முறுக்கில் வில் பாம்புபோல் நெளிந்து, திடீரென நிமிர்வதால்தான் சில்லுகள் படபடவென்று குதிக்கின்றன. இதைத் தடுக்க, அச்சிலிருந்து முன்னோக்கிச் சட்டம் வரை பக்கத்துக்கு ஒரு தண்டு போட்டோம். அந்தத் தண்டு வில்லின் முன்பாதிக்கு ஏறத்தாழச் சமமான நீளத்தில், அதற்கு இணையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் வெவ்வேறு வட்டங்களில் அசைந்து ஒன்றையொன்று இறுக்கிப்பிடிக்கும்.

கியர்பெட்டி வேலையில் கத்தரிப்பும் ஒட்டும் நான் நினைத்ததைவிடக் குறைவு, ஏனெனில் மைனரின் கியர்பெட்டி மூடி தனியாகக் கழற்றக்கூடிய ஒரு தகடு. அதில் கியர் கம்பிக்கான துளையைப் பின்தள்ளி வெட்டினால் போதுமாக இருந்தது. நுணுக்கமெல்லாம் லேத் வேலையில்தான். எஞ்சினையும் டொயோட்டா கூட்டையும் இணைக்கும் தகடு, கிராங் ஷாப்டின் மையத்தோடு மிகச் சரியாக ஒத்திருக்க வேண்டும். மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மேல் விலகினால் முன் பெயாரிங் தேய்ந்து, முனகத் தொடங்கும். நுண்ணிய விலகலைக் காட்டும் டயல் மானியை வைத்துச் சுற்றிப் பார்க்காமல் கண்மதிப்பில் துளையிடும் பட்டறைக்கு இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. கிளட்ச் தட்டுக்குப் பழைய 6¼ அங்குல விட்டமும், நடுவில் டொயோட்டாத் தண்டுக்குரிய பல்வெட்டும் தேவைப்பட்டன. கம்பிகளால் இயங்கிய பழைய கிளட்ச் இணைப்பை நீக்கி, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்படி செய்தோம். புரொபெலர் ஷாப்ட்டின் முன்முனை டொயோட்டாவினது, பின்முனை மொரிஸினது. ஆட்களை ஏற்றி, வண்டியைச் சில்லுகளிலேயே நிறுத்தி அளவெடுத்து, முன்முனை உள்ளே நகர ஓர் அங்குல இடம் விட்டு, சமநிலை பார்க்கச் சொல்லிச் செய்வித்தேன். கியர்பெட்டியின் விலையைவிட இந்த லேத் வேலைகளின் கூலியே அதிகம்.

இப்போது இறம்பொடையில் ஏறும்போது இரண்டாவது கியர் சற்றுச் சோர்வாகத்தான் இருக்கிறது. கணக்கில் பார்த்த 15 சதவீதம் காலடியில் தெரிகிறது. ஆனால் வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு இறங்கிவிட முடிவதால் வண்டி நிற்பதில்லை. இறக்கத்தில் பயன் இன்னும் கூடுதல்: ஹக்கலையிலிருந்து வெலிமடை நோக்கி இறங்கும்போது வேகம் கட்டுமீறும் முன் கியரைக் குறைத்து, எஞ்சினையே பிடிமானமாக்க முடிகிறது.

டி50க்கு ஜீஎல்-4 தர கியர் எண்ணெயை ஊற்றுவதே பாதுகாப்பு. சில ஜீஎல்-5 எண்ணெய்கள் பித்தளைச் சின்க்ரோ வளையங்களுக்கு ஆகாதவை. வில்லை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் முறுக்க வேண்டும். வேகமானியின் கேபிளை இரு முனைகளுக்கும் பொருந்தச் செய்த பிறகும் அது காட்டும் எண் உண்மையோடு ஒத்துவரவில்லை. கைபேசியின் ஜீபீஎஸ் அளவோடு ஒப்பிட்டு, மானி திருத்துபவரிடம் கொடுத்துச் சரிசெய்தேன். மிச்சமிருப்பது முன் பிரேக். 1098 சீசீ மைனரில் வந்த 8 அங்குல முன் டிரம்கள், அவற்றின் பின்தட்டுகளோடு கிடைத்தால், இந்த வண்டிக்கும் பொருந்தும். ஒரு சோடி தேடிக்கொண்டிருக்கிறேன். அது கிடைக்கும்வரை ஐந்தாவது கியரைக் கொழும்புப் பாதையில் மலை முடியும் அவிசாவளைக்கு அப்பால் மட்டுமே போடுவது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.